குப்பை அரக்கி ஆட்டம்

அம்மிணி, அந்த பாட்டிலை வெளிய வீசீராதீங்க. இங்க குடுங்க, எம்பட பையில எடம் இருக்குது. பழக்கமுங்க. பஸ்ஸுல ஆராச்சும் காலி பாட்டிலை ஜன்னலுக்கு வெளிய நீட்டுனாலே எம்பட கை தானாப் போயிரும்.

ஈரோடுதானுங்களா? நானும் அங்கதான். கோர்ட்டுல பத்தரைக்கு இருக்கோணும். என்ன கேசுன்னு கேக்க வாய் வருது, கேக்கக் கூச்சப்படறீங்க. கேளுங்க, பரவால்ல. போன வருசம் பேப்பர்ல வந்துச்சே, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சேந்து ஒரு பொம்பளைய அடிச்சுட்டாங்கன்னு? அதுல ‘ஆசிரியை’ன்னு ஒருத்தியப் போட்டிருந்தாங்களே, அது நாந்தானுங்க. கோகிலவாணி டீச்சர். சித்த தள்ளி உக்காந்தீங்க பாருங்க! அப்பிடிப் பாக்காதீங்க அம்மிணி. பேப்பர்க்காரன் என்னத்தக் கண்டான்? மொதல்ல இருந்து சொல்றேன். கேட்டுட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்க.

நான் கிராஃப்ட் டீச்சருங்க. பதினோரு வருசம் ஒரே ஸ்கூல். பேரு வேண்டாம், கேசு நடக்குது. போன வருசம் ஆடி மாசம் எங்க கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டாரு. மாவட்டத்துல ஒரு போட்டி. எந்த ஸ்கூல் புள்ளைங்க வீணாப் போற பொருள்ல பெருசா ஒண்ணு செஞ்சு காட்டறாங்களோ அவங்களுக்குக் கேடயம்.

“டீச்சர், அந்தக் கேடயம் நம்ம வாசல்ல இருக்கோணும். என்ன செய்யலாம்?”

“மயில் செய்யலாமுங்க”ன்னேன். யோசிக்கவே இல்ல, வாயில வந்துருச்சு. பாஞ்சடி ஒசரத்துக்கு மயில், தோகையெல்லாம் வெறும் பிளாஸ்டிக் பாட்டில். அதுக்கு ரெண்டாயிரம் பாட்டில் வேணும்.

ஆனா மயில் செய்யறது பெருசில்லீங்க. ரெண்டு கூலியாளுங்கள வெச்சாக் கூட செஞ்சுருவாங்க. புள்ளைங்களுக்குக் குப்பையப் பத்திச் சொல்லிக் குடுக்கறதுதான் பெருசு. போர்டுல எழுதிப் போட்டாத் தூங்கீருவாங்க. வெளையாட்டாச் சொல்லிக் குடுக்கோணும். அது எனக்கு வருமுங்க. ஆரு வேணாலும் கேட்டுப் பாருங்க, கோகிலவாணி டீச்சர் பீரியடுன்னா புள்ளைங்க ஓடியாரும்.

ஏழாம் வகுப்ப எடுத்துக்கிட்டேன். ரெண்டு அணியாப் பிரிச்சேன், பச்சை அணி, நீல அணி. பச்சைத் தொட்டி மக்கற குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காததுக்கு, உங்களுக்குத் தெரியும். பச்சைக்கு மிருதுளா கேப்டன். ஒல்லியா இருப்பா, பேசவே மாட்டா. நீலத்துக்கு சஷ்வந்த். அரிசி மில்லு குழந்தைசாமி பையன். நல்லா வாட்டசாட்டமா இருப்பான், ஒண்ணு சொன்னா ஒம்பது செய்வான். எனக்கு ரொம்பப் புடிச்ச பையனுங்க அவன்.

மொதல் ஆட்டம் கபடி. ஆனா கபடி கபடின்னு பாடக் கூடாது. ‘மக்கும் மக்காது, மக்கும் மக்காது’ன்னு மூச்சு விடாமப் பாடிட்டு எதிர்க் கோட்டுக்குள்ள போகோணும். அங்க குமிச்சு வெச்சிருக்கற குப்பையில இருந்து மக்காத பொருள் ஒண்ண எடுத்துட்டுத் திரும்பி ஓடியாரோணும். அவசரத்துல வாழைப்பழத் தோல எடுத்துட்டு வந்தா அவுட்டு. எப்பிடீங்க? ஒரே வாரத்துல ஸ்கூல் முழுக்க அந்தப் பாட்டுத்தான். எல்.கே.ஜி. புள்ளைக கூட வீட்டுல சோறு திங்கறப்ப மூச்சப் புடிச்சுட்டுப் பாடுதுன்னு அம்மாமாருங்க வந்து சொல்லிச் சிரிச்சாங்க.

அப்பறம் மாலை. வாரக் கடைசியில ஆரு கொறைய பாட்டில் கொண்டாந்தாங்களோ அந்த அணி கேப்டனுக்கு ஒரு மாலை போடுவேன். ஷாம்பு பாக்கெட்டு, பிஸ்கட் கவரு, பால் கவரு எல்லாங் கோத்த மாலை. கழுவாத கவருங்க, அதுதானே தமாசு! எல்லாருங் கை தட்டி, பாட்டுப் பாடி, கழுத்துல போட்டு, கிரவுண்ட ஒரு சுத்து சுத்தி வரச் சொல்லுவோம். மிருதுளா தொடர்ந்து மூணு வாரம் போட்டா. மூணாவது வாரம் பால் கவர்ல புழு இருந்திருக்குது, நான் கவனிக்கல. பாதிச் சுத்துல நின்னு வாந்தி எடுத்தா. சஷ்வந்த் பின்னால நின்னு, “ஓடு ஓடு”ன்னு முதுகுல தட்டி ஓட வெச்சான்.

அதுக்கப்பறம் பச்சை அணி தோக்கவே இல்லீங்க. பாத்தீங்களா? அதுதானுங்க ஊக்கம்கறது.

சின்னச் சின்னச் சண்டை வரத்தான் செஞ்சுது. புள்ளைங்கன்னா இருக்காதுங்களா? ஸ்கூல் கேட்டுப் பக்கத்துல கெடந்த ஒரு நீல பாட்டிலுக்காக சஷ்வந்த் ஒருத்தன் வாயில முட்டி, பல்லு ஒடஞ்சுது. பால் பல்லுன்னு நெனச்சு அடிபட்டவனோட அம்மாவுக்குச் சமாதானஞ் சொன்னேன். இல்லையாம், மொளச்ச பல்லாம். பச்சை அணிப் பொண்ணுங்க ரெண்டு பேரு ஒருத்தனக் கழிப்பறைக்குள்ள தள்ளி வெளிய தாப்பா போட்டுட்டு, அவன் பையில இருந்த பாட்டில எல்லாம் எடுத்துட்டு வந்துட்டாங்க. ஒரு பையன் வீட்டுல அப்பனோட மருந்த சிங்க்ல கொட்டிட்டு பாட்டில மட்டும் கொண்டாந்தான். அவங்கப்பன் பெல்ட்டக் கழட்டி அடிச்ச அடியில பையனுக்கு முதுகெல்லாந் தடிப்பு. அடுத்த நாளு சட்டையத் தூக்கிக் காட்டி, “மிஸ், நான் சொல்லவே இல்ல மிஸ், பாட்டிலு எங்க இருக்குதுன்னு சொல்லவே இல்ல”ன்னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வகுப்பு முன்னாடி நிக்க வெச்சுக் கை தட்டச் சொன்னேன்.

இப்ப பேப்பர்ல வந்த அந்தப் பொம்பள வெசயத்துக்கு வர்றேன்.

ஸ்கூலுக்குப் பின்னால ரெண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம் இருக்குது. முகூர்த்த நாள்னா மறுநாள் பின்பக்கத்துல பாட்டில் மலையாக் கெடக்கும். புள்ளைங்க அதக் கண்டுபுடிச்சுட்டாங்க. அங்க ஒரு பொம்பள பழைய பாட்டில் பொறுக்கும். சேலைக்கு மேல கோடு போட்ட ஆம்பளச் சட்டை போட்டுட்டு, தோள்ல சாக்கு, கையில நுனி வளைஞ்ச கம்பி. நீங்களும் உங்க ஊர்ல பாத்திருப்பீங்க. அது ஒரு நாளு ஸ்கூல் கேட்டுக்கே வந்துருச்சு. புள்ளைங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க.

“டீச்சரம்மா, மண்டபத்துப் பாட்டில மட்டும் புள்ளைங்கள எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கு முகூர்த்த நாள்ல கெடைக்கறதுதான் சோறு. மத்த எடத்துல எடுத்துக்கட்டும்.”

“அது என்ன உங்க தோட்டத்துக் காயாம்மா? ரோட்டுல கெடக்கறது. ஆரு எடுத்தா என்ன?”

“இருவது வருசமா நாந்தான் எடுக்கறேன். மண்டபத்துக்காரங்களக் கேளுங்க.”

“நீங்க எடுத்து வித்துத் தின்னுட்டுப் போயிருவீங்க. எம்பட புள்ளைங்க பூமியக் காப்பாத்தறாங்க.”

அதுக்கு அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? “நான் விக்கற பாட்டிலு எங்கம்மா போவுது? அதுவும் உருகி மறுக்கா பாட்டிலாத்தானே வருது. உங்க மயிலு என்னாவும்?”

நல்லாக் கோவம் வந்துருச்சு எனக்கு. புள்ளைங்க முன்னாடி இப்பிடிப் பேசலாங்களா? “வாய மூடிட்டுப் போங்க, இல்லாட்டி போலீசக் கூப்புடுவேன்”னேன். போயிருச்சு. அன்னைக்கு வகுப்புல புள்ளைங்க கேட்டாங்க, “மிஸ், அவங்க ஆரு?”ன்னு. “நம்ம மயிலத் தடுக்க வந்தவ”ன்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லல.

அடுத்த வாரந்தான் குப்பை அரக்கி ஆட்டம் கண்டுபுடிச்சேன். ஒரு புள்ளைக்கு அரக்கி வேசம். சாக்க எடுத்துட்டு வந்து, சேத்து வெச்ச பாட்டில எல்லாந் திருடுவா. மத்தவங்க நியூஸ் பேப்பரச் சுருட்டித் தடி மாதிரி வெச்சுட்டு அடிச்சு வெரட்டோணும். அரக்கி கீழ விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது. விழுகற வரைக்கும் அடிக்கலாம். வெறும் பேப்பருதானுங்களே, வலிக்கவா போவுது? அரக்கி வேசம் போடறவ நல்லாக் கத்தோணும், அப்பத்தான் ஆட்டஞ் சூடு புடிக்கும்.

அரக்கி எப்பிடி இருப்பான்னு சார்ட்டுல நாந்தான் படம் வரைஞ்சு செவுத்துல ஒட்டுனேன். சேலைக்கு மேல சட்டை, தோள்ல சாக்கு, கையில கொக்கி. கோர்ட்டுல அந்த சார்ட்டக் கொண்டாந்து வெச்சிருக்காங்க அம்மிணி. “ஆர நெனச்சு வரைஞ்சீங்க?”ன்னு கவருமெண்ட் வக்கீலு கேக்கறாரு. ஆர நெனச்சும் வரையலீங்க. அரக்கின்னா ஒரு உருவம் வேணுமில்லைங்களா? பல்லு மட்டுந்தான் நான் சேத்துப் போட்டது.

ஆவணி கடைசி முகூர்த்தம். சனிக்கிழமை பெரிய கல்யாணம், ஆயிரம் எலைக்கு மேல. எங்களுக்கு மயிலுக்கு இன்னும் முன்னூறு பாட்டில் கொறையுது. ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு மண்டபத்துப் பின்னால எல்லாரும் வந்துருங்கன்னு சொல்லியிருந்தேன். ஆராச்சும் தடுத்தா விட்டுராதீங்கன்னும் சொன்னேன். பின்ன, தடுத்தா விட்டுட்டு வாங்கன்னா சொல்லுவாங்க?

நான் போறப்ப ஒம்பதே கால். மண்டபத்துக்கு எதுத்தாப்புல டீக்கடை. காலையில எதுவுஞ் சாப்பிடல, ஒரு டீ சொன்னேன். பின்பக்கம் சந்துக்குள்ள இருக்கறதால கண்ணுக்குத் தெரியாது. காதுக்குக் கேட்டுச்சு. ‘மக்கும் மக்காது, மக்கும் மக்காது’ன்னு புள்ளைங்க பாடறாங்க. எனக்குச் சந்தோசமுங்க. லீவு நாள்ல, டீச்சர் இல்லாமயே, அவங்களா வெளையாடறாங்க. எந்த டீச்சருக்கு அந்தக் குடுப்பினை?

டீக்கடைக்காரரு, “டீச்சர், ஆரோ கத்தற மாதிரி இருக்குதுங்களே”ன்னாரு.

“ஆட்டமுங்க. அரக்கி வேசம் போட்டவ அப்பிடித்தான் கத்தோணும்”னேன்.

“பெரிய பொம்பள கொரலாட்ட இருக்குது.”

“எங்க புள்ளைங்க நல்லா நடிப்பாங்க.”

டீ ரொம்பச் சூடு. வேகமாக் குடிக்க முடியல. குடிச்சுட்டுக் காசு குடுத்துட்டு ரோட்டத் தாண்டிப் போனேன்.

எப்பிடிச் சொல்றது? சொல்றேன். சொல்லித்தானே ஆவோணும்.

வட்டமா நிக்கறாங்க, இருவத்திமூணு புள்ளைங்க. நடுவுல அந்தம்மா சாக்கு மேல கவுந்து கெடக்குது. ரெண்டு கையாலயும் சாக்கக் கட்டிப் புடிச்சுருக்குது. புள்ளைங்க ஒருத்தர் ஒருத்தரா மூச்சப் புடிச்சுப் பாடிட்டே உள்ள போறாங்க. ஒரு அடி போடறாங்க. சாக்குல இருந்து ஒரு பாட்டில இழுத்துட்டு வெளிய ஓடியாறாங்க. உடனே அடுத்த அணியில இருந்து ஒருத்தர். வரிசை தப்பல அம்மிணி. ஆரும் முந்தல, ஆரும் தள்ளல. சமையல் கட்டுக்கு அடுக்கி வெச்ச வெறகு எல்லார் கையிலயும். சிலதுக பாட்டிலுக்குள்ள மண்ண ரொப்பி மூடி போட்டு வெச்சிருந்தாங்க, அது கல்லு மாதிரி இருக்கும். நான் பாக்கறப்ப ஆறாவது, ஏழாவது சுத்து இருக்கும் போல.

ஒரு பொண்ணு உள்ள போயி, முதுகுல ரெண்டு அடி போட்டுட்டா. வெளிய நின்னவங்க எல்லாம், “ஃபவுலு, ஃபவுலு”ன்னு கத்துனாங்க. ஒரு தடவ உள்ள போனா ஒரு அடிதான்னு அவங்களே சட்டம் வெச்சிருக்காங்க.

என்னையப் பாத்ததும் சஷ்வந்த் ஓடியாந்தான். மொகமெல்லாஞ் சிரிப்பு. கையில அந்தம்மாவோட கம்பி. கொக்கி செவப்பா இருக்குது. “மிஸ், அரக்கி விழுந்துட்டா மிஸ்! ஆனா சாக்க விட மாட்டீங்கறா!”

நான் மொதல்ல என்ன செஞ்சேன்னு எல்லாருங் கேக்கறாங்க. அந்தக் கம்பிய அவன் கையில இருந்து புடுங்கி சாக்கடையில போட்டேன். புள்ள கையில கூரா ஒண்ணு இருக்கக் கூடாதுங்களே. அதப் போயி தடயத்த அழிச்சேன்னு எழுதி வெச்சிருக்காங்க! அப்பறம் விசில் ஊதுனேன். “லைன், லைன்”னு சொன்னேன். எல்லாரும் லைன்ல நின்னுட்டாங்க. வெறகக் கீழ போடுங்கன்னேன், போட்டாங்க. மண்டபத்துக் கொழாய்ல கையக் கழுவுங்கன்னேன், போயிக் கழுவுனாங்க. அவ்வளவு நல்ல புள்ளைங்கங்க அவங்க.

அதுக்கப்பறம் அந்தம்மாவத் திருப்பினேன். வலது கண்ணு இருந்த எடத்துல கண்ணு இல்ல. காதுல இருந்து ரத்தம். ஒரு கை முட்டிக்குக் கீழ தொங்குது, ஆனாலும் விரலு சாக்கு நூல விடல. இன்னொரு கண்ணால என்னையப் பாத்துச்சு. “டீச்சரம்மா, தண்ணி”ன்னுச்சு.

சுத்தி அத்தன பாட்டில் கெடக்குதுங்க. ஒண்ணுல சொட்டுத் தண்ணி இல்ல. கொழாய்ல போயிப் புடிக்கலாம்னா, புள்ளைங்க கை கழுவிட்டிருந்தாங்க, கூட்டம். “இருங்கம்மா, வரும்”னேன். கரஸ்பாண்டென்ட்டுக்குப் போன் போட்டேன். அவரு புள்ளைங்கள மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்க, அப்பறம் ஆம்புலன்சுன்னாரு. அனுப்பிட்டுத்தான் கூப்பிட்டேன். அரை மணி நேரம் ஆச்சு. அந்தம்மா அதுக்குள்ள கேக்கறத நிறுத்தீருச்சு.

மிருதுளா மட்டும் போகல. கொழாய்க்கிட்டயே நின்னுட்டிருந்தா. கைய நீட்டிட்டே நிக்கறா, தண்ணி ஊத்திட்டே இருக்குது. கொழாய மூடுன்னு சத்தம் போட்டேன். தண்ணிய வீணாக்கலாங்களா?

செத்திருச்சுன்னுதான் நெனச்சேன். சாகல. ஈரோடு பெரியாஸ்பத்திரியில ரெண்டு மாசம். வலது கண்ணு போச்சு, ஒரு காது கேக்கல, வெலா எலும்பு அஞ்சு. போலீசு எழுதறப்பத்தான் பேரே தெரிஞ்சுது, குடிசை எங்கன்னும் அப்பத்தான் தெரிஞ்சுது. வெள்ளையம்மா.

ஸ்டேசன்ல கேட்டாங்க. “அந்தப் பொம்பளதான் மொதல்ல புள்ள மேல கை வெச்சுது”ன்னேன். மிருதுளா சாக்க இழுத்தப்ப அந்தம்மா தள்ளியிருக்குது, அவ முழங்கையில சிராய்ப்பு இருந்துச்சு. இருந்துச்சா இல்லையா? டாக்டரே எழுதியிருக்காரு. இருந்ததத்தானே சொன்னேன்?

செவ்வாக்கிழமை ரெண்டாவது பீரியடு. வகுப்புல நிக்கறேன். ஒரு பொண்ணு நேரா உள்ள வருது. நூல் மில்லுல வேலை செய்யற யூனிஃபாரம், தலையில பஞ்சுத் தூசி. வெள்ளையம்மா மக, தவமணி. என்னன்னு கேக்கறதுக்குள்ள எம்பட கன்னத்துல விட்டா பாருங்க! கண்ணாடி போயி ஜன்னல்ல விழுந்துச்சு. மறுக்கா கைய ஓங்குனா. “எங்கம்மாவ அரக்கின்னு எழுதி வெச்சியாமே, எங்க அந்தப் படம்?”ன்னு கத்தறா. அப்பறம் செவுத்துல பாத்துட்டா. பாத்துட்டு அப்பிடியே நின்னுட்டா. அந்தச் சட்டை அவ அப்பனோட பழைய சட்டையாம், நான் அதே கோடு போட்டு வரைஞ்சிருந்தேன். அழுதுட்டே போயிட்டா.

எம்பட புள்ளைங்க முன்னாடி அம்மிணி! பதினோரு வருசத்துல ஒருத்தர் என்னைய நீன்னு சொன்னதில்ல. அவமானந் தாங்க முடியல. சஷ்வந்த் அப்பா குழந்தைசாமி சாருக்குப் போன் போட்டேன். போட்டு அழுதேன். அழுததுதான் நான் செஞ்சது. “எந்தப் பக்கம் இருக்காங்க அவங்க?”ன்னாரு. “வாய்க்கா மேட்டுல, மொத வரிசையில, நீலத் தார்ப்பாய் போட்ட குடிசை”ன்னேன். கேட்டாரு, சொன்னேன். அவரு என்னமோ பேசி சமாதானம் பண்ணப் போறாருன்னுதான் நெனச்சேன். பன்னெண்டு பேரு ரெண்டு வேன்ல கம்பியோட போவாங்கன்னு நான் கண்டேனா?

பட்டப்பகல், மூணு மணி. மொத வரிசையில ஒரு குடிசை விடல. வெள்ளையம்மா அண்ணன் ஒரு கெழவரு, அவருக்குத் தலையில பதினாலு தையல். தவமணிய முடியப் புடிச்சு வாய்க்கா வரைக்கும் இழுத்துட்டுப் போயி, எம்பட கன்னத்துல அடிச்ச கை எதுன்னு கேட்டு, அந்தக் கையக் கல்லு மேல வெச்சு மிதிச்சிருக்காங்க. சேத்து வெச்ச சாக்கையெல்லாங் குமிச்சுக் கொளுத்தீட்டாங்க. எங்க ஸ்கூல் மாடியில இருந்து தெரிஞ்சுது, கரும்புகையா மேல போவுது. புள்ளைங்க எல்லாம் ஜன்னல்ல நின்னு பாத்தாங்க. எனக்கு வயிறெரிஞ்சுதுங்க. பிளாஸ்டிக்க எரிக்கக் கூடாதுன்னு எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பேன்! படிச்சவங்களே இப்பிடிச் செஞ்சா புள்ளைங்க என்னத்தக் கத்துக்கும்?

அதுக்கப்பறந்தான் பேப்பர், டிவி, கலெக்டரு எல்லாம். குழந்தைசாமி சார் மூணு வாரம் உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்துட்டாரு. சஷ்வந்த ஏற்காட்டுப் பக்கம் ஹாஸ்டல்ல போட்டாங்க. அங்க ஒரு சின்னப் பையன மாடிப்படியில தள்ளி விட்டுட்டானாம், வீட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. இப்ப வீட்டுல அவங்கம்மாவையே அடிக்கறான்னு கேள்விப்பட்டேன். அந்தம்மா செல்லங் குடுத்துக் கெடுத்துருச்சுங்க, நான் அப்பவே நெனச்சேன். மயில வெளி ஆளுங்கள வெச்சு முடிச்சாங்க. ரெண்டாவது பரிசு. என்னைய மட்டும் ஒரே தாள்ல வேலைய விட்டு எடுத்துட்டாங்க. மயில் யோசனை ஆருது? என்னுது. பரிசு வாங்கப் போனது ஆரு? கரஸ்பாண்டென்ட் மக.

சரி, அதெல்லாங் கூட விட்டுருவேன். எனக்கு ஆறாத வெசனம் மிருதுளாதானுங்க.

விசாரணையில புள்ளைங்கள ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கேட்டாங்க. “ஆரு அடிக்கச் சொன்னது?”ன்னா, எல்லாரும், “ஆரும் சொல்லல, அது ஆட்டம்”னாங்க. உண்மையச் சொன்னாங்க. மிருதுளா மட்டும் அவங்கம்மாவக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறா. வெள்ளையம்மா படுக்கைக்குப் பக்கத்துல நின்னு, மொத அடி நாந்தான் அடிச்சேன்னு சொல்லியிருக்கறா. அதோட விட்டாளா? மாலையப் பத்திச் சொல்லியிருக்கறா. ஆட்டத்தப் பத்திச் சொல்லியிருக்கறா. சந்து மொனையில இருந்து டீக்கடை தெரியும், மிஸ் டீக்கடையில நின்னு பாத்துட்டுதான் இருந்தாங்கன்னு சொல்லியிருக்கறா.

நான் பாக்கலீங்க அம்மிணி. கேட்டுட்டுதான் இருந்தேன்.

இன்னைக்கு அவ சாட்சி. அவ சொல்றதுலதான் கேசே நிக்குதுன்னு எம்பட வக்கீலு சொல்லிட்டாரு. சாட்சியப் போயிப் பாக்கக் கூடாதுன்னும் சொன்னாரு. மனசு கேக்கல. நான் வளத்த புள்ளை. நேத்துச் சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனேன். அவங்கம்மா கடைக்குப் போயிருந்தாங்க. இவ மேசையில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிட்டிருந்தா. வளந்துட்டா. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, “குட் ஈவினிங் மிஸ்”னா. மரியாதை மாறல.

“கண்ணு, மிஸ் டீக்கடையில இருந்தது உனக்கு நல்லாத் தெரிஞ்சுதா? தூரமாச்சே சாமி. வேற ஆராச்சுமா இருக்கலாமில்ல?”

“நீங்கதான் மிஸ். நான் அடிச்சுட்டு வெளிய வந்து உங்களத்தான் பாத்தேன். நீங்க நிறுத்தச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

“மிஸ் ஜெயிலுக்குப் போகோணுமா கண்ணு?”

பேனா மூடியக் கழட்டறா, மாட்டறா.

“அந்தம்மாவ மொத அடி அடிச்சது நீ. அத ஒத்துக்கிட்டு என்னையும் எதுக்கு இழுக்கற?”

“ரெண்டும் நடந்துச்சு மிஸ்.”

கை தானாப் போயிருச்சுங்க. கன்னத்துல ஒண்ணு. காது சேத்து விழுந்துருச்சு போல, அவ மேசையப் புடிச்சுட்டா. அப்பவும் அழுகல. எனக்கு அதுதான் வெறி ஏத்துச்சு. முடியப் புடிச்சுட்டேன். இன்னொண்ணு விட்டேன். ஒதடு கிழிஞ்சு நோட்டு மேல ரத்தம் சொட்டுது. “அழுடி! தப்புச் செஞ்சவ அழுகோணும்! அழு!”ன்னு உலுக்கறேன்.

அவ எம்பட மொகத்த நேராப் பாத்தா. கொரலு ஏறவே இல்லீங்க, வகுப்புல பதில் சொல்ற மாதிரிச் சொல்றா. “அழுதா நிறுத்தீருவீங்களா மிஸ்? அவங்க அழுதாங்க. நாங்க நிறுத்தல.”

முடிய விட்டுட்டேன்.

அவ பாவாடை நுனியில ஒதட்டத் தொடச்சுட்டு, நோட்டுல ரத்தம் பட்ட தாள மட்டும் கிழிச்சு மடிச்சு வெச்சுட்டு, அடுத்த பக்கத்துல விட்ட எடத்துல இருந்து எழுத ஆரம்பிச்சுட்டா. நான் செருப்ப மாட்டிட்டு வெளிய வந்துட்டேன். அவங்கம்மா எதுக்க வந்தாங்க, ஒதுங்கி நடந்துட்டேன்.

படுத்தாத் தூக்கம் வரல. பன்னெண்டு, பதிமூணு வயசுப் பொண்ணு, இப்பிடி ஒரு பேச்சு எங்க இருந்து கத்துக்கிட்டா? அவளுக்குக் கத்திரி புடிக்கச் சொல்லிக் குடுத்தது நான். பசை தடவ, பாட்டில நெளியாம வெட்ட, எது மக்கும் எது மக்காதுன்னு பிரிக்க, எல்லாம் நாந்தான். யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன் அம்மிணி.

அது மட்டும் நான் சொல்லிக் குடுத்ததில்லீங்க.